நாற்காலிப் பயிற்சி

திரையரங்கின் டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார்ந்தபடியே உத்தியோகக் காலம் முழுவதையும் கழித்தவர் அவர். கைகளுக்கு ஓய்வில்லை, கால்களுக்கு வேலையில்லை. ஓய்வுபெற்ற பின்னும் தெருவில் அவர் ‘கவுன்ட்டர் அக்கா’தான். கணவர் காலமான பிறகு, கணவரின் தங்கை துணைக்கு வந்து சேர்ந்தாள். தையல்கடை வைத்திருந்தவள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் என்றால் அக்கம்பக்கம் வேறு மாதிரி எதிர்பார்க்கும். இவர்களுக்குள் சண்டையென்று வந்தால் ஃபேன் வேகத்துக்காக மட்டும்தான்.

ஒருநாள் காலை, கட்டிலுக்கடியில் விழுந்த மூக்குக்கண்ணாடியை எடுக்க அக்கா தரையில் உட்கார்ந்தார். கண்ணாடி கைக்கு வந்துவிட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

“பாத்துட்டே நிக்கிறியே, கை குடு.”

நாத்தனார் கை கொடுத்தாள். இழுத்த இழுப்பில் அவளும் மெல்லச் சரிந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அடி பட்டுச்சா?”

“இல்ல அண்ணி. ஆனா எனக்கும் எழுந்திருக்க வரல.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அக்கா கட்டில் விளிம்பைப் பிடித்து எழப் பார்த்தார்; நடக்கவில்லை. இனி எல்லாவற்றுக்கும் யாரையாவது கூப்பிட வேண்டியதுதானா?

உட்கார்ந்தபடியே வாசல்வரை நகர்ந்து போய், திறந்திருந்த கதவைத் தட்டி எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். வலி ஏதும் இல்லையென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து எதிரே போட்டாள். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, மறு பாதத்தை முன்னால் வைத்து, நாற்காலியை அழுத்தி எழச் சொன்னாள். மூட்டைக் குறை சொல்லிக்கொண்டே, முக்கி முனகி இருவரும் எழுந்தார்கள்.

“மூட்டு மேல பழி போடாதீங்க அக்கா. தொடையில பலம் கொறஞ்சிருக்கு. வேலை குடுத்தா வரும்.”

வேலை சாதாரணமானதுதான். சுவரோரம் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கையூன்றாமல் எழுந்து, மெதுவாகத் திரும்ப உட்கார வேண்டும். அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்க வேண்டும். சாயங்காலம் கொஞ்ச தூரம் நடை.

“இதுக்குப் போய் படிப்பு எதுக்கு?” என்றாள் நாத்தனார், மூச்சு வாங்கியபடி. முதல் வாரம் இருவருக்கும் தொடை கனத்தது. பிறகு, பால் பொங்கும் வரை குதிகால் தூக்குவது தானாக வந்தது.

இடையில் அக்காவுக்குக் கடுமையான காய்ச்சல். படுக்கையைவிட்டு எழுந்தபோது கால்கள் மறுபடி துணியாய்த் துவண்டன. சேர்த்ததெல்லாம் போயிற்றே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். நாத்தனார் நாற்காலி மேல் தலையணையை வைத்து உயரமாக்கினாள்.

“இதுலேர்ந்து எழுந்திருங்க. பலம் வர வர தலையணைய எடுத்துடலாம்.”

மழைக்காலம் முடிவதற்குள் தலையணை கட்டிலுக்குத் திரும்பியது.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மாடியில், கவுன்ட்டரில் கூட வேலை பார்த்த தோழி குடியிருந்தாள். பல வருடமாக ஏதேதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்த வீடு அது. இந்த முறை அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினார். கதவைத் திறந்த தோழி எட்டிப் படிக்கட்டைப் பார்த்தாள்.

“யாரு தூக்கிட்டு வந்தா?”

“யாரு தூக்குவா, நாந்தான். முதல்ல தண்ணி குடு” என்றபடி அக்கா உள்ளே நுழைந்தார். பின்னால் நாத்தனார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், எதையும் பிடிக்காமல் நின்றபடியே.