மூத்தவளுக்குப் படைத்த முதல் எபிசோடு

கோயம்புத்தூரில் எந்த சிக்னலில் நின்று பார்த்தாலும் பத்மலதாவிடம் ஸ்கூட்டர் கற்றுக்கொண்ட ஒரு பெண்ணாவது கண்ணில் படுவாள். பீளமேட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு டூவீலர் கற்றுக்கொடுப்பதுதான் அவளுக்கு வேலை. காலேஜ் பிள்ளையோ, பேங்க் மேனேஜரோ, யார் வந்தாலும் முதல் நாள் செய்கிற தப்பு ஒன்றுதான். வண்டி கிளம்பிய பிறகும் இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டே போவார்கள். "காலைத் தூக்கி மேல வைங்க அம்மணி, பூமி எங்கியும் ஓடிப் போயிராது" என்று பின்னாலேயே ஓடிக் கத்துவாள். அந்தத் தொண்டைக்குப் பயந்தே பாதிப் பேர் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள்.

கருமத்தம்பட்டியில் தறி வைத்திருந்த அவளுடைய அப்பா கண்ணை மூடுகிற வரைக்கும் மாப்பிள்ளை தேடினார். வந்தவர்களுக்கு அவள் வாய் பிடிக்கவில்லை, அவளுக்கு வந்தவர்களின் முகம் பிடிக்கவில்லை. கடைசியில் நாற்பத்தாறு வயதில், மனைவியை இழந்த பாலகோபாலுக்குக் கழுத்தை நீட்டினாள். பம்ப்செட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிற மனிதர். பெண் பார்க்க வந்த அன்று ஒரு மணி நேரத்தில் "காப்பி நல்லா இருக்குதுங்க" என்பதைத் தவிர அவர் எதுவும் பேசவில்லை. வீட்டில் பேசுவதற்குத் தனக்கு நிறைய இடம் கிடைக்கும் என்று நம்பித்தான் அவள் தலையாட்டினாள்.

அந்த நம்பிக்கையில் மண் விழுந்தது. பாலகோபாலுக்கு வாய் இருந்தது. அது ஒரே ஒரு விஷயத்துக்காகத் திறக்கும், திறந்தால் மூடாது. அந்த விஷயத்தின் பெயர் "பின்தேதி".

"பின்தேதி" ஒரு வெப் சீரிஸ். காந்திபுரத்தில் டவுன் பஸ் இடித்து விழுகிற ஒரு இன்ஸ்பெக்டர், கண் விழித்துப் பார்த்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கில் இருக்கிறார். அதே ஸ்டேஷன், அதே வேப்பமரம். கேமரா கிடையாது, செல்போன் கிடையாது. அங்கே இருக்கிற ஏட்டு எல்லாக் கேஸையும் லத்தியாலேயே துப்பறிகிறார். இவர் கைரேகை எடுக்க வேண்டும் என்றால் "எந்தக் கை?" என்று கேட்கிறார்கள். அங்கே கேஸைப் பார்ப்பதா, இங்கே திரும்பி வர வழி பார்ப்பதா என்று இன்ஸ்பெக்டர் அல்லாடுவதுதான் கதை.

இதை பாலகோபால் தன் முதல் மனைவி வசுந்தராவோடு உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வருடம் வசுந்தரா காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த சீரிஸ் அவருக்கு சீரிஸாக இல்லை, கோயிலாகிவிட்டது. "ஒவ்வொரு சீனுக்கும் 'அப்புறம்?' 'அப்புறம்?'னு கேட்டுட்டே பாப்பாளுங்க அம்மணி. அப்படி ஒரு ஆர்வம்" என்பார்.

பத்மலதாவும் அதைப் பார்த்துத் தீர்த்தாள். புருஷனோடு பேச ஒரு பொருள் வேண்டுமே என்று, மைதானத்தில் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் போனில் பார்த்தாள். பார்த்துவிட்டு அவரிடம் கேட்டது இதுதான்:

"ஏனுங்க, எண்பத்து நாலுக்குப் போன மனுசன் எப்பப் பாத்தாலும் வீட்டுக்குப் போகணும்னு அழுதுட்டே இருக்கறானே, இன்னிக்கு ஐடி கம்பெனியா நிக்கற சரவணம்பட்டியில அன்னிக்கே ஒரு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்க வேண்டாமுங்களா?"

பாலகோபால் அன்று இரவு ரசத்தோடு எழுந்துவிட்டார்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக எது வந்தாலும் முதலில் மூத்தவளுக்கு. வசுந்தராவின் படத்தின் முன்னால் வைத்து, விளக்கேற்றி, சிறிது நேரம் கழித்துத்தான் மற்றவர்கள் தொட வேண்டும். தீபாவளிப் புடவை, மாம்பழம், மிக்சி எல்லாமே அப்படித்தான் வந்தன. பத்மலதா தன் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஸ்கூட்டரின் சாவிகூடப் படத்தின் முன்னால் இருந்துவிட்டுத்தான் அவள் கைக்கு வந்தது. அவளுடைய தாலிச் சரட்டிலேயே மூத்தவளுக்கென்று ஒரு குட்டித் தங்கப் பொட்டு கோத்திருந்தார்கள். இதிலெல்லாம் அவளுக்கு மனத்தாங்கல் இல்லை. செத்துப்போன மகராசியோடு என்ன போட்டி? "அக்கா, புடவை கலர் சுமார்தானுங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்று படத்தோடு பேசுகிற அளவுக்கு ஒட்டிப்போயிருந்தாள்.

அவளைக் குடைந்தது வேறு. பாலகோபாலுக்கு இரண்டாம் பாகங்களைப் பற்றி ஒரு தீர்மானமான கொள்கை இருந்தது. இரண்டாவது எதுவுமே தேறாது. ஹோட்டல்காரன் இரண்டாவது கிளை திறந்தால் சாம்பார் கெடும். பாலம் இரண்டாவது கட்டினால் டிராபிக் கூடும். "மொத பார்ட்ல ஒரு உசுரு இருக்குமுங்க. ரெண்டாவது, மொதலுக்குக் கெடச்ச பேருக்காக எடுக்கறது" என்று சொல்லிக்கொண்டே வருவார். சொல்லி முடிக்கும்போது எதிரில் தட்டு வைத்துக்கொண்டிருப்பது யார் என்று திடீரென நினைவு வரும். "நான் சீரியலச் சொன்னேனுங்க" என்பார். "நானும் அதைத்தான் நெனச்சேன்" என்பாள் அவள், மோரைக் கொஞ்சம் பலமாக வைத்துவிட்டு.

ஊட்டிக்குப் போனால் "இங்கதான் வசுந்தராவும் நானும்" என்று ஆரம்பிக்கும். மருதமலைப் படியில் ஆரம்பிக்கும். அந்த மனிதர் அவளோடு முதல் முறையாகச் செய்தது என்று சொல்ல ஒரு காரியம்கூட இல்லை. அதை வாய்விட்டுச் சொல்ல பத்மலதாவுக்குத் தெரியவில்லை. ஊருக்கே கேட்கிற தொண்டை இதற்கு மட்டும் உதவவில்லை.

அப்போதுதான் "பின்தேதி" இரண்டாம் பாகம் வருகிறது என்று அறிவித்தார்கள். பாலகோபால் பார்க்கவே மாட்டேன் என்றார். பத்மலதா விடவில்லை.

"மொத பாகம் அக்காவோட பாத்தீங்க. இதை என்னோட பாருங்களேன். நீங்களும் பாக்காதது, நானும் பாக்காதது."

அதைச் சொன்னபோது அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. பாலகோபால் காலண்டரைப் பார்த்தார்.

"சரிங்க அம்மணி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாக்கலாம்."

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பை ரத்து செய்தாள். தலையில் ஒரு முழம் மல்லிகை வைத்துக்கொண்டாள். ரோட்டுக்கடையில் சூடான காளான் மசாலா இரண்டு பார்சல் கட்டிக்கொண்டு, ஒரு சிவப்பு விளக்கையும் மதிக்காமல் வீட்டுக்குப் பறந்தாள். சொல்லிக்கொடுக்கிறவளே இப்படி ஓட்டலாமா என்று கேட்கக் கூடாது. அன்றைக்கு அவள் சின்னப் பெண்.

கதவைத் திறந்தால் ஊதுபத்தி வாசம். டிவி ஸ்டாண்டை அப்படியே திருப்பி, வசுந்தராவின் படத்துக்கு நேராக வைத்திருந்தார். படத்துக்குச் செவ்வந்தி மாலை, முன்னால் விளக்கு. பக்கத்தில் பிரம்பு மோடா போட்டு பாலகோபால் உட்கார்ந்திருந்தார். திரையில் முதல் எபிசோடு முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"வந்துட்டீங்ளா அம்மணி? புதுசாச்சுங்களே, படைக்காம எப்படிப் பாக்கறது? அதான் மொத எபிசோட படைச்சுப்போட்டேன். இனி நாம பாக்கலாமுங்க."

அவர் முகத்தில் ஒரு துளி கள்ளம் இல்லை. எல்லாம் முறைப்படி செய்துவிட்ட திருப்தி மட்டும்தான் இருந்தது.

பத்மலதா காளான் பையை மேஜைமேல் வைத்தாள்.

"அக்காவுக்குப் படைச்சீங்க. சரி. அதை நீங்க எதுக்குங்க சாப்பிட்டீங்க?"

"என்னுங்க?"

"படைக்கறப்ப நாம எச்சில் பண்ணுவமா? போட்டு உட்டுட்டு வெளியில வந்து நின்னிருக்கலாமல்ல? பக்கத்துல உக்காந்து முழுசும் பாத்துப்போட்டீங்களே!"

சட்டம் தன் பக்கம் இல்லை என்று பாலகோபாலுக்கே தெரிந்தது. பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு கதை சொல்லப் போனார்.

"மொத பார்ட் அளவுக்கு இல்லீங்க. இதுல ஒரு பொம்பள இன்ஸ்பெக்டர் அதே எண்பத்து நாலுக்குப் போறா. காலம் மாறிப்போச்சுன்னு அதிர்ச்சியே இல்ல, மொத ஆளு எழுதி வெச்ச கேஸெல்லாம் படிச்சிருக்கறா. ஆனா அவ எதைச் செஞ்சாலும் ஸ்டேஷன்ல எல்லாரும் பழைய சார் இப்படிச் செய்ய மாட்டாருங்கறாங்க. அவரு சேரைக்கூட எடுக்கல. இந்தப் புள்ள பெஞ்சுல உக்காந்து கேஸ் எழுதுது. பாவமுங்க."

"பாவந்தான்" என்றாள் பத்மலதா.

அவள் முதல் பார்சலைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்தாள். முடிந்ததும் இரண்டாவதைப் பிரித்தாள். பாலகோபாலுக்குத் தான் சொன்னது மெதுவாகக் காதில் விழுந்தது. அவர் மோடாவிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பெங்களூரிலிருந்து வசுந்தராவின் மகள் நவ்யா கூப்பிட்டாள். பத்மலதா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"சித்தி, செகண்ட் பார்ட் எப்படீங்க இருக்குது?"

"உங்கப்பாவைக் கேளு கண்ணு. அக்காவுக்குப் போட்டுக் காட்டியாச்சு."

நவ்யா வாய்விட்டுச் சிரித்தாள். "அம்மாவுக்கா? ஏம்ப்பா, அம்மா மொத பார்ட்டே பாக்கலியே! பக்கத்துல உக்காந்து போன்ல மிட்டாய் கேம் ஆடிட்டிருப்பாங்க. நீங்க திரும்பிப் பாத்தா மட்டும் 'அப்புறம்?'னு கேப்பாங்க."

போனை வைத்த பிறகு பாலகோபால் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கும்பிட்ட கோயில் இடிந்து விழுந்ததைப் பார்த்தவர் முகம்.

பத்மலதா ஜெயித்துவிட்டாள். இதே ஒரு நாள் முன்னால் என்றால் குதித்திருப்பாள். இப்போது அவளுக்கு அந்த மனிதர்மேல் இரக்கமாக இருந்தது, படத்தில் இருந்தவள்மேல் அதைவிட ஆசையாக இருந்தது.

"மனசு உடாதீங்க. புடிக்காத சீரியலுக்கு அத்தனை நாள் பக்கத்துல உக்காந்து 'அப்புறம்'னு கேட்டிருக்கறாங்களே, அது உங்க மேல இருந்த பிரியமுங்க" என்றாள். "எனக்கு அது வராதுங்க. எனக்கு 'ஏன்'னுதான் கேக்க வரும். நான் அக்காவோட ரெண்டாம் பாகமில்ல. நான் வேற கதை."

பாலகோபால் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். டிவி ஸ்டாண்டைத் தள்ளி சோபாவுக்கு நேராகத் திருப்பினார்.

"மொதல்லருந்து போடட்டுங்களா?"

"வேண்டாமுங்க. நீங்க பாத்தாச்சு."

அவர் காலியான காளான் பார்சல்களைப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். வண்டி பத்மலதாவுடையதுதான். ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து போனால் ஓட்டுவது அவர், பின்னால் உட்காருவது அவள். ஊருக்கே ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு வீட்டில் பின் சீட்டுதான். வசுந்தரா காலத்து ஏற்பாடு அது, யாரும் மாற்றவில்லை.

பழக்கத்தில் படத்தின் முன்னால் போய் நின்றார். விளக்கைத் தூண்டிவிட்டு வெளியே வந்தார். சாவியை பத்மலதாவின் கையில் வைத்தார்.

"எனக்கும் காளான் வேணுமுங்க. நீங்க ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்துக்கறேன்."

எதிர்வீட்டுக்காரர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர், இதைப் பார்த்துத் தண்ணீரைத் தெருவுக்கு விட்டார். பாலகோபால் சீட்டின் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வண்டி கிளம்பிய பிறகும் அவருடைய செருப்பு இரண்டும் தரையில் தேய்ந்துகொண்டே வந்தன.

"நான் இதுவரைக்கும் யாரு பின்னாலயும் உக்காந்ததில்லீங்க" என்றார், அவள் காதோரம், மெதுவாக.

"தெரியுதுங்க" என்றாள் பத்மலதா. "காலைத் தூக்கி மேல வைங்க."