வீட்டு ஓனர் முகத்துக் கரி

டிவியில் வந்த அந்தச் சிரிப்பு நாடகத்தை நான் முழுதாக நம்பியதில்லை.

அதில் ஒரு வீட்டு ஓனர், ஒரு குடித்தனக்காரன். குடித்தனக்காரனுக்கு வேலையே ஓனரிடம் குறும்பு பண்ணுவதுதான். ஒரு நாள் ஓனர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு அடியில் குண்டுவெடியைக் கொளுத்தி வைத்தான். திரி எரிந்தது. ஓனர் பேப்பர் படித்து முடிக்கும் வரை எரிந்தது. பிறகு வெடித்தது. புகை விலகினால் ஓனர் அதே நாற்காலியில் இருக்கிறார். முகமெல்லாம் கரி. தலைமயிர் குத்திட்டு நிற்கிறது. வாயைத் திறந்தார், அதிலிருந்தும் புகை. அவர் மனைவி அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே காபியை நீட்டினாள். டிவிக்குள் யாரோ கூட்டமாகச் சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் எம். புதுப்பட்டி பக்கம். வெடி தெரியாத பிள்ளை அங்கே கிடையாது. திரி அவ்வளவு நேரம் எரியாது. வெடித்த இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் சிதறவில்லை. நாற்காலிக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாவற்றையும் விட அந்தக் கரி. என் மாமா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து நிரப்புகிறவர். வேலை முடிந்து வந்தால் காதுமடலிலும் புருவத்திலும் வெள்ளிப்பொடிதான் மின்னும். வெள்ளியாக இருக்கிற மருந்து வெடித்தால் மூஞ்சி எப்படிக் கறுக்கும்?

அம்மாவிடம் கேட்டேன். "வாயக் கழுவுடி" என்றாள். மாமாவின் மனைவியிடம் கேட்டேன். அத்தை டிவியை அணைத்துவிட்டு எழுந்து போனாள். டீக்கடைக்காரரிடமும் கேட்டேன். அவருக்கு வலது கையில் இரண்டு விரல்தான். பிறவியிலேயே அப்படி என்று நினைத்திருந்தேன். அவர், "வடை திங்கியா?" என்று ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார். எல்லோரும் சேர்ந்து எதையோ மறைக்கிறார்கள் என்று பட்டது.

மாமா மட்டும் சிரித்தார். "ஏ கழுத, நெசமாத்தான் தெரியணுமா ஒனக்கு? காட்டுறேன் இரு."

தீபாவளிச் சீசன். ஒரு நாள் வேலையாட்களைக் கொண்டுவந்து விடுகிற கம்பெனி வேன் வருகிற நேரம் தாண்டியும் வரவில்லை. தெருமுனையில் பெண்கள் வந்து நின்றார்கள். அத்தை எல்லோருக்கும் முன்னால் நின்றாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வழியாக வேன் வந்தது. முதலில் இறங்கியது மாமா. முகமெல்லாம் கறுப்பு. மயிரை மேலே தூக்கி விட்டிருந்தார். அந்த ஓனர் மாதிரியே வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்து முழித்தார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அத்தை கத்தவில்லை. அவர் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. நேராகப் போய் இரண்டு கையையும் பிடித்தாள். கையும் கறுப்பு. முந்தானையால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். நகம் தெரிகிற வரை அழுத்தித் துடைத்தாள். மடக்கச் சொன்னாள். நீட்டச் சொன்னாள்.

"டயரு பஞ்சருடி. ஸ்டெப்னி மாத்துனேன். கிரீசு இது. புள்ளைக்கு வேடிக்கை காட்டலாம்னு..."

கடைசி விரலையும் பார்த்து முடித்த பிறகுதான் அடித்தாள். முதுகில், தோளில், கை பட்ட இடத்தில் எல்லாம். "வெளையாடுறதுக்கு ஒனக்கு வேற எதுவும் கெடைக்கலையா? ஏய்யா, கெடைக்கலையா?" என்றவள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். வேனுக்குள் சிரித்துக்கொண்டு வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார்கள்.

"ஏலே, கூறுகெட்டவனே" என்றாள் அம்மா, தன் தம்பியான மாமாவிடம். "போயி மூஞ்சியக் கழுவுலே."

எனக்குச் சந்தேகம் கூடியதுதான் மிச்சம். கறுத்தது முகம். டிவியில் அந்த மனைவி முகத்தைத்தான் பார்த்தாள். அத்தை ஏன் கையைப் பார்த்தாள்? அவளுக்குச் சிரிப்பு நாடகம் விளங்காது என்று முடிவு செய்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து மாமா வேன் படியில் நின்று, இரண்டு கையையும் விரித்துத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் இறங்குவார். அத்தை தெருமுனையில் நின்று அதைப் பார்ப்பாள். பிறகு வீட்டுக்குத் திரும்பி நடப்பாள்.

அதுவும் ஏதோ ஒரு நாடகத்தில் வந்ததாக இருக்கும் என்று நினைத்தேன். நானும் என் இரண்டு கையையும் தூக்கி அவருக்குக் காட்டுவேன்.