காருக்கு அடியில் கிடந்த சிவப்பு

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு என் கார் நகராமல் நின்றுவிட்டது. இன்ஜின் ஓடியது. கியர் விழுந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். சத்தம் மட்டும் ஏறியது. வண்டி இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு என் மனைவி ஸ்டெல்லா கோவை விமான நிலையத்தில் இறங்குகிறாள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு வருகிறாள். நடுவில் ஆறே நாள்.

நம் திருச்சபையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல எனக்கு வராது. பதினாறு ஆண்டுகள் ஒரு நாளிதழுக்குத் திருப்பூர்ச் செய்திகளை எழுதியவன். பார்த்ததை எழுதத்தான் தெரியும். அதனால் உங்களுக்கு எழுதித் தருகிறேன். பார்க்காத எதையும் சேர்க்கவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் காங்கேயம் சாலையில் ஒரு லாரி கவிழ்ந்ததைப் பார்க்கப் போனேன். பின்னால் வந்த இன்னொரு லாரி என் மேல் ஏறியது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. செய்தி எடுக்கப் போனவன் மறுநாள் செய்தியில் இருந்தேன். வயதைத் தவறாகப் போட்டிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு ஸ்டெல்லா மஸ்கட்டில் நர்ஸ் வேலைக்குப் போனாள். அவள் கிளம்பிய காலையில் நான் கட்டிலில் கிடந்தேன். வெட்டிய இடம் மறுபடி புண்ணாகி, எழுந்திருக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். தண்ணீர்ச் சொம்பையும் மாத்திரைகளையும் என் கைக்கு எட்டும்படி வைத்தாள். ஜெபித்தாள். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கேட் மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஆட்டோ கிளம்பும் சத்தம். மனைவியை வாசல்வரைகூட வழியனுப்ப முடியாத மனுஷனாக அன்று நான் இருந்தேன்.

அவள் போய்ச் சேர்ந்து போன் செய்தபோது சொன்னேன்: “நீ திரும்பி வர்ற அன்னிக்கு நானே வந்து கூட்டிட்டு வருவேன்.”

“எப்படி, பறந்தா?” என்று சிரித்தாள்.

“தெரியாது. வருவேன்.”

அன்றிலிருந்து என் ஜெபத்தில் இந்த ஒரு விண்ணப்பம் தவறியதே இல்லை. ஒரு வருடம் கழித்து, கோவையில் ஓய்வுபெற்ற ஒரு டாக்டர் தன் பழைய காரைக் கொடுத்தார். இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி. ஆனால் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. வலது கால் ஒன்று போதும்.

ஸ்டெல்லா அந்தக் காரைப் போனில்தான் பார்த்தாள். கூப்பிடும்போதெல்லாம் “என் சீட்டு எப்படி இருக்கு?” என்று கேட்பாள். முன்பக்கம் இடதுபுற சீட்டில் என் ஊன்றுகோல்கள் சாய்ந்திருக்கும். காட்டுவேன். “நான் வரும்போது அவங்க ரெண்டு பேரையும் எறங்கச் சொல்லிடுங்க” என்பாள். பேசி முடித்த பிறகும் சில நாள் அந்த சீட்டைப் பார்த்தபடி காரிலேயே உட்கார்ந்திருப்பேன்.

நாங்கள் குடியிருப்பது வீரபாண்டியில், ஒரு சாயப்பட்டறையை ஒட்டிய வீடு. பட்டறை முதலாளி நாச்சிமுத்து என்மேல் இரக்கப்பட்டு, உப்பு மூட்டை அடுக்கும் ஷெட்டின் ஓரத்தில் கார் நிறுத்த இடம் கொடுத்திருந்தார். துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். மூட்டைகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். தரையில் எப்போதும் உப்பும் ஈரமும். வெயில் படாத இடம் கிடைத்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

கார் நிற்பதற்கு ஒரு மாதம் முன்பே அதன் அடியில் சிவப்பாக ஒரு திட்டைப் பார்த்தேன். சாயத் தண்ணீர் கசிந்து வந்திருக்கிறது என்று நினைத்து நாச்சிமுத்துவிடம் சொன்னேன். மனிதர் பதறிவிட்டார்.

“சார், மறுபடி பேனாவ எடுத்துடாதீங்க! இப்பவே கழுவச் சொல்றனுங்க.”

பட்டறைகள் வெளியே விடும் சாயத் தண்ணீர் பற்றி ஒரு காலத்தில் நான் எழுதிய செய்திகளை அவர் மறக்கவில்லை. கலர் தண்ணீர் ஒரு சொட்டு கண்ணில் பட்டாலும் உடனே குழாயைத் திறந்து கழுவிவிடுவது அவர் வழக்கம். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் எழுவதற்குள் அந்த இடத்தைக் கழுவிவிட்டார்கள். திட்டு பெரிதாகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பதினாறு ஆண்டு பார்ப்பதையே தொழிலாகச் செய்தவன், சிவப்பைப் பார்த்ததும் சாயம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு மெக்கானிக் வந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தார், அணைத்தார். “ஆட்டோமேட்டிக்குங்களா? கியர்பாக்ஸ் போச்சுங்க சார். இந்த வயசு வண்டிக்கு அத மாத்தறதெல்லாம் வீண். எடைக்குப் போட்ருங்க” என்றார். அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். “பரவால்லங்க, டாக்சியில வந்துடுறேன். நீங்க அலைய வேணாம்” என்றாள். அந்த ‘பரவால்ல’ என்னால் தாங்க முடியவில்லை. சபைச் சகோதரர் ஒருவர் தன் காரையும் டிரைவரையும் அனுப்புவதாகச் சொன்னார். அன்பாகச் சொன்னார். ஆனால் நான் கேட்டது அது இல்லை.

புதன்கிழமை மத்தியானம் ஊன்றுகோல்களுடன் போய், நகராத காரில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். “ஆண்டவரே, போன காலை நான் கேட்கவில்லை. வேலையைத் திரும்பக் கேட்கவில்லை. நாற்பத்தைந்து கிலோமீட்டர் கேட்கிறேன். அவளைக் கூட்டிவர ஒரு தடவை” என்றேன். குரலில் கோபம் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அன்று எந்தப் பதிலும் வரவில்லை.

மறுநாள் காலை பட்டறையில் தண்ணீர் மோட்டார் பழுதாகிவிட்டது. கழுவ ஆள் வரவில்லை. மோட்டாரைப் பார்க்க ஃபிட்டர் ரஃபீக் அந்தப் பக்கமாக வந்தார். சாய மெஷின்களின் பைப்பும் வால்வும் அவர் பொறுப்பு. என் காரின் பக்கத்தில் நின்றார்.

“சார், இது யாரு ஊத்துனது?”

“உங்க பட்டறைச் சாயந்தானே.”

“இல்லீங்க. நாங்க ரெட்டு ஓட்டி இருவது நாளாச்சு. நேவியும் கறுப்புந்தான் ஓடுது. செவப்பு எங்கிருந்து வருமுங்க?”

விரலால் தொட்டுத் தேய்த்தார், முகர்ந்தார். ஒரு மக்கில் தண்ணீர் கொண்டுவந்து அந்தத் திட்டின்மேல் ஊற்றினார். சிவப்பு கரையவில்லை. சின்னச் சின்ன வட்டங்களாகத் தண்ணீரின் மேல் நின்றது.

“சாயம்னா கரையோணும். இது மெதக்குது பாருங்க. எண்ணெய் சார். உங்க கியர்பாக்ஸ் எண்ணெய். அது செவப்பாத்தான் இருக்குமுங்க.”

அட்டைப் பெட்டியை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். ஆட்டோமேட்டிக் கியரின் எண்ணெய் சூடாகும். அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோய், ஆறிய பிறகு திருப்பிக் கொண்டுவர இரண்டு ஒல்லியான இரும்புக் குழாய்கள் உண்டு. இரண்டும் உப்பில் அரித்துப்போயிருந்தன. ரஃபீக் நகத்தால் சுரண்டினார். துரு பொருக்குப் பொருக்காக அவர் முகத்தில் உதிர்ந்தது. ஓர் இடத்தில் ஊசித் துளை.

“எண்ணெய் கருகின வாசம் இல்லீங்க. எண்ணெய் பத்தாமத்தான் நின்னுருக்குது. கியர்பாக்ஸ் தப்பிச்சிருக்கும்னு நெனக்கறேன்.”

எனக்கு அவசரம். துளை விழுந்த இடத்தை வெட்டிவிட்டு ரப்பர் குழாயைச் செருகி கிளிப் போட்டுவிடலாமே என்று கேட்டேன்.

“போட்ரலாம். அவினாசி ரோட்டுல புடுங்கிக்கிட்டு நிப்பீங்க, பக்கத்துல அக்கா பெட்டியோட நிப்பாங்க. செய்யறதுன்னா ரெண்டு குழாயையும் முழுசா புதுசா போடோணும். இல்லன்னா உடுங்க.”

வெள்ளிக்கிழமை பழைய குழாய்களைக் கழற்ற ஆரம்பித்தார். மூன்று நட்டுகள் வந்துவிட்டன. ரேடியேட்டரில் இருந்த நான்காவது வரவில்லை. பலமாகத் திருகினால் ரேடியேட்டரின் வாய் பிய்ந்துகொண்டு வரும். அந்தப் பழைய வண்டிக்கு இன்னொரு ரேடியேட்டர் இரண்டு நாளில் கிடைக்காது. துரு இளக்கும் எண்ணெயை விட்டுவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போனார் ரஃபீக். நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நட்டைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஜெபித்தேன்.

திரும்பி வந்தவர், “இன்னிக்கு உங்க நட்டுக்கும் சேத்து துவா கேட்டேன் சார்” என்றார்.

“நட்டுக்கா?”

“நட்டுக்குந்தான். பாவம், அதுக்குன்னு யாரு கேப்பாங்க?”

ஸ்பேனரை மாட்டினார். மெதுவாக அழுத்தினார். ‘டக்’ என்று சத்தம் வந்தது. உடைந்தது என்றே நினைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது நட்டு அவர் உள்ளங்கையில் இருந்தது.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்து, “ரெண்டு சாமியும் சேந்து திருகுனா அது என்னங்க பண்ணும்?” என்றார். சபையில் சிலருக்கு இது சங்கடமாக இருக்கலாம். நான் அப்போது சிரித்தேன். அழுதும்விட்டேன்.

சனிக்கிழமை ரஃபீக் பழைய குழாய்களை மாதிரிக்கு எடுத்துப் போனார். சாய மெஷின்களுக்குப் பிரஷர் குழாய் செய்யும் கடையில் அதே வளைவுகளோடு புதிதாகச் செய்து வாங்கிவந்து மாட்டினார். எண்ணெய் ஊற்றினோம். கியரைப் போட்டேன். வண்டி மெல்ல ஒரு குலுக்கு குலுக்கிவிட்டு முன்னால் நகர்ந்தது. நாச்சிமுத்து கை தட்டினார். ரஃபீக் தட்டவில்லை. வெள்ளை பனியன் வேஸ்ட் துணி ஒரு கட்டு கொடுத்தார். “எங்க நிறுத்துனாலும் இதுல ஒண்ண அடியில விரிங்க. கறை பட்டா அங்கயே நில்லுங்க.”

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் ஆராதனைக்குக் கிளம்பும் முன்பே நான் கோவைச் சாலையில் இருந்தேன். சோமனூர்ப் பிரிவில் ஓரம்கட்டி, இறங்கி, துணியை விரித்தேன். பத்து நிமிடம் காத்திருந்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது.

விமான நிலையத்தில் வண்டியை விட்டு இறங்கி நிற்கவிடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே காத்திருந்தேன். ஸ்டெல்லா தள்ளுவண்டியோடு வெளியே வந்தாள். இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. போனில் அது தெரிந்ததே இல்லை. முந்தின ராத்திரி நான் போனில் அனுப்பியிருந்த வண்டி எண்ணைத் தேடிக்கொண்டு வந்து இடதுபுறக் கதவைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சீட்டில் சாய்ந்திருந்த ஊன்றுகோல்களைப் பார்த்தாள்.

“எறங்குங்க, ரெண்டு பேரும்” என்றாள்.

எடுத்துப் பின்சீட்டில் கிடத்தினாள். பெட்டியை வைத்தாள். ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. கொஞ்ச தூரம் வந்த பிறகு, “கொஞ்சம் மெதுவாப் போங்க. சீக்கிரம் வீடு வந்துடும்” என்றாள்.

இதைத் தற்செயல் என்று சொல்லலாம். மோட்டார் பழுதானது, கழுவ ஆள் வராதது, அந்த நேரம் ரஃபீக் அந்தப் பக்கம் வந்தது. பத்திரிகைக்கு எழுதியிருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் புதன்கிழமை அந்தக் காரில் அழுதது யார் என்று எனக்குத் தெரியும். யார் கேட்டார் என்றும் தெரியும். ஒரு மாதமாக என் கண்முன்னே கிடந்ததை, தண்ணீரை நிறுத்தி ஆண்டவர் காட்டித்தந்தார்.

நாற்பது நாள் விடுமுறை முடிந்து ஸ்டெல்லா போய்விட்டாள். இந்தத் தடவை நானே கொண்டுபோய் விட்டேன். அவள் உள்ளே போய் மறையும்வரை பார்த்தேன். ஒப்பந்தம் இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. காரை உப்பு ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து, வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன். ஊன்றுகோல்கள் இப்போது பின்சீட்டில்தான் வருகின்றன. முன்சீட்டு காலியாக இருக்கிறது.

காத்திருக்கிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன். கேட்டுக்கொண்டே இருங்கள். கோபத்தோடு கேட்டாலும் ஆண்டவர் கேட்கிறார். கேட்டுவிட்டு, வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் காட்டுகிற இடத்தைக் குனிந்து பாருங்கள்.

தினமும் சாயங்காலம் காருக்கு அடியில் வெள்ளைத் துணி விரிக்கிறேன். காலையில் அதைப் படம் எடுத்து ஸ்டெல்லாவுக்கு அனுப்புகிறேன். இன்று காலையும் துணி வெள்ளையாக இருந்தது.