கச்சான் அடித்த ஞாயிற்றுக்கிழமை

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு பள்ளியில் டீச்சராக இருந்தேன். அந்த ஊர்க் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் ஒருவர், ஊர்க்காரர்களைக் கொண்டே வண்ணத்துப்பூச்சிகளைக் கணக்கெடுக்க ஏற்பாடு செய்திருந்தார். ஞாயிறுதோறும் காலை ஏழிலிருந்து எட்டு வரை சொன்ன இடத்தில் நின்று, கண்ணில் பட்டதை எண்ணி, காற்று எப்படி என்பதையும் சேர்த்து ஒரு தபால் கார்டில் எழுதிப் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

எருக்கும் அடம்பும் பூத்துக் கிடந்த ஒரு கடற்கரைத் துண்டின் தென்கோடி எனக்கு. உடைமரங்களுக்கு அந்தப் பக்கம், வடகோடியில் ஒரு மீனவர் வீட்டு அக்கா. எட்டாவது வரை படித்தவர். மாதா கோயிலில் முதல் பூசை முடிந்ததும் நேரே கரைக்கு வந்துவிடுவார். மாதக் கூட்டத்தில் பார்த்தால் அவருடைய கார்டுகளில் பாதி ‘ஒன்றுமில்லை’ என்றே இருக்கும். இதை எழுத ஒரு கார்டா என்று எனக்குள் சிரித்துக்கொள்வேன். நான் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை, கூடக்குறைய ஏதாவது ஓர் எண் போட்டுவிடுவேன்.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு, நாசரேத்தில் தம்பி மகளுக்கு ஞானஸ்நானம். போய்விட்டேன். திரும்பும் பஸ்ஸில் கொஞ்சமும் கூசாமல் ‘நாற்பத்திரண்டு, இளங்காற்று’ என்று எழுதி, இறங்கியதும் பெட்டியில் போட்டேன். வாரம் தவறாதவள் என்ற பெயர் கெடக்கூடாதே!

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் அந்த ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு கார்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அந்த அக்கா எழுதியிருந்தது, ‘கடுங்கச்சான். ஒன்றுமில்லை.’ கச்சான் என்றால் அங்கே மேற்குக் காற்று. கடலோரம் பழகாத எனக்குக் காற்று என்றால் புழுக்கம் தீர்க்கிற சமாச்சாரம், பூச்சி பறப்பதைத் தடுக்கும் என்றெல்லாம் தோன்றவே இல்லை.

அன்றைக்குக் கரைக்குப் போனீர்களா என்று அவர் அந்த அக்காவிடம் மரியாதையாகத்தான் கேட்டார்.

“போனேன் சார். கச்சான் மண்ண வாரி அடிச்சுது. ஒண்ணும் வரல.”

பேராசிரியர் யோசித்தார். டீச்சர் எண்ணியிருக்கிறாரே, இனி வடகோடிக் கார்டுகளை மொத்தமாக விட்டுவிடலாம் என்று சொல்லிப் பென்சிலை எடுத்தார். அந்த அக்கா சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவரோ என் பக்கம் திரும்பி, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“எங்கன நின்னிய டீச்சர்? கண்ணுல மண்ணு விழுந்ததுல நாந்தான் பாக்காம விட்டுட்டனோ?”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. “நான் அன்னைக்கு ஊர்லயே இல்ல சார்” என்றேன்.

பேராசிரியர் திட்டவில்லை. அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு என்னுடைய கார்டுகள் அத்தனையையும் ரப்பர் வளையம் போட்டுத் தனியே ஒதுக்கினார். எது மெய், எது பொய் என்று இனிமேல் தெரியாதே என்றார். ஐந்து மாதமாக வெயிலில் நின்று உண்மையாகவே எண்ணிய நாட்களும் அதோடு போயின.

அது போனது போகட்டும். கண்ணால் கண்டதை அப்படியே எழுதிய அந்த அக்கா, என் பொய்யை நம்பித் தன் கண்ணையே சந்தேகப்பட்டாரே, அதுதான் இத்தனை வருஷம் ஆகியும் எனக்கு ஆறவில்லை.