திரைக்கு அந்தப் பக்கம் ஒரு மாஸ்டர்

பஸ்ஸில் பின்னால் நிற்கிறவன் கை போட்டால் என்ன செய்வது? எனக்குத் தெரிய வேண்டியிருந்தது இவ்வளவுதான். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் படிப்பிக்கப் போகும் காலை பஸ்ஸில் கொஞ்ச நாளாக ஒரே ஆளின் தொல்லை. அதை என் காக்காவிடம் போய்ச் சொன்னேன், புத்தி கெட்டு.

"வேலைய உட்டுட்டு வீட்ட இரி. மச்சான் கட்டார்லரிந்து அனுப்புறது காணாதா?" என்றார் கூடப் பிறந்த அண்ணன், என் கணவர் அனுப்பும் காசைக் கணக்குப் பார்த்து. கை போட்டவன் எவனோ, வேலையை விட வேண்டியது நானாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிக்கப் பழகுவது என்று அன்றே முடிவெடுத்தேன்.

முதலில் போனது ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில் இருந்த கராத்தே வகுப்புக்கு. வாசல் பெனரில் மாஸ்டர் ஆகாயத்தில் பறந்து உதைத்துக்கொண்டிருந்தார். நேரில், படியேறி வந்ததற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. சுவர் முழுக்க யார் யாரோ அவருக்குப் பொன்னாடை போர்த்தும் படங்கள். என் கேள்வியைக் கேட்டேன்.

"அது பிரவுண் பெல்ட்டுல வரும் டீச்சர். முதல்ல வெள்ள, மறுகா மஞ்சள், மறுகா பச்ச..."

அதுவரை அந்த ஆளைக் கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்ல வேண்டும் போலும். கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன்.

அடுத்தது கடற்கரைப் பக்கம், கல்யாண ஊர்வலங்களில் கம்பு சுழற்றிச் சீனடி ஆடுகிறவர்களின் இடம். "பொம்புளயளுக்கு என்னத்துக்கு இது?" என்று கேட்டார் அங்கிருந்த வாத்தியார். என்னிடமல்ல, என்னைக் கூட்டி வந்த ஓட்டோக்காரரிடம்.

கடைசியில் பெண்களுக்கென்றே ஒரு வகுப்பு அகப்பட்டது. மண்டபத்தின் குறுக்கே கனத்த பச்சைத் திரை. இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் மைக்கோடு மாஸ்டர். பயான் என்று மார்க்கப் பேச்சுக் கேட்பதற்குத் திரை சரி, காது போதும். உதைப்பதைக் காதால் பார்க்கும் வித்தையை அங்கேதான் கண்டேன். அவர் எண்ணுவார், நாங்கள் குத்த வேண்டும். சோதித்துப் பார்க்க நான் சும்மா உட்கார்ந்துகொண்டேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

"மாஷா அல்லாஹ், அருமை! கால இன்னும் கொஞ்சம் உயர்த்துங்க!" என்றது மைக்.

என் கேள்வியைத் திரையைப் பார்த்துக் கத்தினேன். மைக் இரண்டு தரம் கனைத்தது. பிறகு, "அவன்ட மணிக்கட்டப் புடிச்சி வெளிப்பக்கமாத் திருப்பணும்" என்று பதில் வந்தது. பக்கத்தில் நின்ற தையல்காரப் பெண், நல்ல உடம்புக்காரி, என் பின்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள். "நான்தான் அவன். திருப்புங்க டீச்சர்."

மணிக்கட்டு அசையவில்லை. அதைவிடக் கேவலம், எனக்குக் குரலே வரவில்லை. வகுப்பையே ஒரு அதட்டலில் அடக்குகிறவள், ஒரு பெண்ணின் கைக்குள் ஊமையாக நின்றேன். அழுகை வந்தது.

"எனக்கும் இப்புடித்தான் டீச்சர், சந்தைக்குள்ள" என்றாள் அவள். இன்னொருத்தி ஆஸ்பத்திரி வரிசையில் நடந்ததைச் சொன்னாள். அதன்பின் மாஸ்டர் எண்ண, நாங்கள் எங்கள் பாட்டுக்குப் பழகினோம். ஒருத்தி அவனாக நிற்பாள். மற்றவள் திரும்புவாள், கத்துவாள், முழங்கையால் இடிப்பாள்.

"என்ன சத்தம் அங்க?"

"பயிற்சி மாஸ்டர்!"

"அருமை, அருமை!"

ஒரு திங்கட்கிழமை காரைதீவு தாண்டியதும் அந்தக் கை வந்தது. திரும்பினேன். "எடுடா கைய!" என்ற என் சத்தத்துக்கு ட்ரைவர் பிரேக் போட்டார். முழங்கை அவன் நெஞ்சில் இறங்கியது. நிந்தவூரில், தலையைக் குனிந்துகொண்டு இறங்கிப் போனான். அன்று பள்ளிக்கூடத்தில் முதல் மணி அடித்த பிறகுதான் போனேன். ஆனால் போய்ச் சேர்ந்தேன்.

கதை மாஸ்டருக்கும் எட்டியது. "நான் காட்டித் தந்த முறைதானே டீச்சர்?" என்றது திரை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"ஓம் மாஸ்டர், நீங்க காட்டித் தந்ததுதான்" என்றேன்.

அடுத்த கிழமை மண்டப வாசலில் புதுப் பெனர் தொங்கியது. அதில் எங்கள் மாஸ்டரும் பறந்துகொண்டிருந்தார். பறக்கட்டும். திரைக்கு அந்தப் பக்கம் ஓர் ஆம்பிளை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று சொன்னால்தான் எங்கள் வீடுகளில் எங்களை அந்த மண்டபத்துக்கு விடுவார்கள்.