பேச யோக்கியதை

கைடு அண்ணன் கையில் எப்போதும் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். சவரக் கடையில் ஆணியில் தொங்குமே, தகரச் சட்டம் போட்ட சின்னக் கண்ணாடி, அதுதான். பெரிய காஞ்சிபுரத்தில் பல்லவர் காலத்துக் கோயில் ஒன்றின் சுற்று மண்டபத்தில், சுவர் நெடுக ராஜாக்களின் கதையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே வெளிச்சம் போதாது. அண்ணன் முற்றத்து வெயிலில் நின்று கண்ணாடியைச் சாய்ப்பார். கை அகல வெளிச்சம் சுவரில் போய் விழும். யானை தெரியும், குதிரை தெரியும், குடைக்குக் கீழே ராஜா தெரிவார். வெளிச்சம் நகரும் பக்கமெல்லாம் சுற்றுலா வந்தவர்களின் தலையும் நகரும். “பாருங்கம்மா, இதான் நம்ம ராஜா வாதாபி மேல போன திக்விஜயம். ஊரையே கொளுத்திட்டுத் திரும்பினாரு” என்பார். கேட்பவர்கள் தங்கள் சொந்தத் தாத்தா போய்க் கொளுத்திவிட்டு வந்ததுபோல நிமிர்ந்து நிற்பார்கள்.

நான் அந்தக் கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறவன். பிறந்தது தென்னேரிப் பக்கம். எட்டாம் வகுப்பில் ஒருநாள் பள்ளிக்கூடம் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை, யாரும் ஏன் என்று கேட்கவில்லை, படிப்பு அதோடு முடிந்தது. பிறகு லாரியில் கிளீனர், சூரத்தில் விசைத்தறி, பம்பாயில் ஓட்டல் வேலை, ஆந்திராவில் மீன் குட்டைக் காவல். எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. கல்யாணம் ஒன்று நடந்தது, அதுவும் நிற்கவில்லை. முழங்கால் வலி வந்த பிறகுதான் இந்த வாசலில் உட்கார்ந்தேன். கைடு அண்ணன் என்னைவிட நாலைந்து வயது பெரியவர். என் பெயரைக் கேட்டுக்கொண்டவர் அதை ஒருநாளும் பயன்படுத்தவில்லை. “இன்னாபா செருப்பு, இன்னிக்கு கூட்டம் எப்படி?” என்றுதான் ஆரம்பிப்பார்.

அவர் பேச்சைத் தினமும் வாசலிலிருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. அதில் ஒன்றைக் கவனித்தேன். காஞ்சி ராஜா வாதாபிக்குப் போனால் அது திக்விஜயம். வாதாபி ராஜா காஞ்சிக்கு வந்தால் அது படையெடுப்பு. ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். “நம்ம வூட்டுப் புள்ள பக்கத்து வூட்டுப் புள்ளய அடிச்சிட்டு வந்தா சுறுசுறுப்பு. அவன் அடிச்சா ரவுடித்தனம். இது உனுக்குத் தெரியாதா?” பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். வாதாபி ராஜா பழி தீர்க்க வந்து காஞ்சியைப் பிடித்தபோது ஊரைக் கொளுத்தவில்லையாம். கோயில் சொத்தைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டுப் போனதாகக் கல்வெட்டு இருக்கிறதாம். “அத ஏன்ணா சொல்றதில்ல?” என்றேன். “சொன்னா மூஞ்சி சுருங்கிப்போவுது. காசு குடுக்கிற கை பின்னால போயிடுது” என்றார்.

அண்ணன் குடும்பம் நெசவுக் குடும்பம். அண்ணி வீட்டில் தறி போட்டு நெய்கிறார். அவர்கள் ஆட்களுக்கு ஒரு பெருமை உண்டு. ஒரு காலத்தில் அவர்கள் ராஜாக்களிடம் படைவீரர்களாக இருந்தவர்கள், அதற்கும் முன்னால் முருகனுக்கே படையாக இருந்த நவவீரர்களின் வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். சூரசம்ஹாரத்தன்று அவர்கள் பையன்கள் ஒன்பது பேர் கிரீடமும் வாளுமாக நவவீரர் வேஷம் கட்டி சாமிக்கு முன்னால் வருவார்கள். அண்ணனுக்கு ஒரே பையன். டிப்ளமா முடித்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான். லீவு கிடைக்காவிட்டாலும் சூரசம்ஹாரத்துக்கு வந்துவிடுவான். வேஷம் கட்டிய அன்று மட்டும் அண்ணன் அவனை “வாங்க” என்று கூப்பிடுவார். சாமி படை அல்லவா.

கான்ட்ராக்ட் முடிந்து வேலை போன சமயத்தில்தான் ஒரு ஏஜெண்டு வந்தான். எங்கள் வாசலுக்குப் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து அண்ணனிடம் பேசினான். பனி பெய்யும் பெரிய நாடு ஒன்று. அந்த நாட்டு ராணுவத்தில் உதவியாள் வேலை. “சண்டையெல்லாம் இல்லீங்க. பின்னால சமையல் கூடம், சாமான் ஏத்தி இறக்கறது, அவ்ளோதான். பாஸ்போர்ட்ட குடுத்துடுங்க, பத்திரமா நானே வச்சிருப்பேன். நாளான்னிக்கே கிளம்பணும்.” அந்த நாடு பக்கத்து நாட்டுக்குள் படையை இறக்கியிருப்பது டிவியில் தினமும் வந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கும் தெரியும். ஆனால் படை என்ற சொல் அவருக்குள் வேறு எங்கோ போய்த் தட்டியது. “எங்க வம்சமே படையில இருந்ததுதான்யா. அவனுக்கு ரத்தத்துலயே இருக்குது” என்றார். அந்த நெசவாளர் தெருவில் பிறக்காத எந்தத் தகப்பனும் அப்படி யோசித்திருக்கமாட்டான்.

பிறகு என் பக்கம் திரும்பினார். “செருப்பு, ஊரெல்லாம் சுத்தினவன் நீ. இன்னாபா சொல்ற?”

அந்த ஏஜெண்டு பொய் சொல்கிறான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் அந்தப் பேச்சை நானே பேசியிருக்கிறேன். மேலே சொன்ன வேலைகளோடு இன்னொரு வேலையும் பார்த்தேன். செங்கல் சூளைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரிக்குக் கையாளாக இரண்டு வருஷம் இருந்தேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய், லேசான வேலை, நிழலில் தங்கலாம், ரேஷன் கார்டைக் கொடுங்கள், பத்திரமாக வைத்திருப்போம், நாளைக்கே வண்டி என்று சொன்னது இதே வாய். யாரையும் கலந்து பேச நேரம் விடக்கூடாது என்பதுதான் அதில் முதல் பாடம். அப்படிப் போன ஒரு பெரியவர் சூளையிலேயே இறந்தார். உடம்பை ஊருக்கு அனுப்பவில்லை, அங்கேயே புதைத்தார்கள். நான் அதற்குள் வேறு ஊருக்குப் போய்விட்டேன்.

இதையெல்லாம் சொன்னால்தான் ஏஜெண்டைப் பற்றிச் சொல்ல முடியும். சொன்னால் அண்ணன் என்ன கேட்பார் என்று யோசித்தேன். ‘ஆள் புடிச்சுக் குடுத்தவன் நீ, அவன சொல்றியா? நீ மட்டும் யோக்கியமா?’ என்று கேட்பார். “நல்ல வேலைதாண்ணா” என்றேன்.

முதல் மாதம் பையன் பனியில் நின்று எடுத்த படம் வந்தது. அண்ணன் அதைச் சுற்றுலா வந்தவர்களுக்குக்கூடக் காட்டினார். இரண்டாம் மாதம் வாசலில் வைத்துத்தான் போன் வந்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். “அப்பா, சமையல் இல்லப்பா. துப்பாக்கி குடுத்துட்டாங்க. இது இவங்க ஊரு இல்ல, அடுத்தவங்க ஊருக்குள்ள பூந்துக்கினு இருக்கோம். நேத்து ஒரு வூட்டுக்குள்ள போனோம். தட்டுல சாப்பாடு போட்டபடியே இருக்குது, ஆளக் காணோம்.” அண்ணன், “நீ பின்னாடி நில்லு கண்ணு, பின்னாடியே நில்லு” என்றார். “எங்களத்தான்பா முன்னாடி அனுப்பறாங்க” என்றான். அதற்குப் பிறகு இரண்டு தடவை பேசினான். பிறகு போன் வரவில்லை.

அண்ணன் மனு எழுதிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். ஒரு இடத்தில், பெரிய இடத்து விவகாரம், அந்த நாட்டைக் கேள்வி கேட்கும் நிலைமையில் நாம் இல்லை என்று தன்மையாகச் சொல்லி அனுப்பினார்களாம். அன்றைக்கு மத்தியானம் நேராக டீக்கடைக்குத்தான் வந்தார். டிவியில் அந்தப் போர்தான் ஓடிக்கொண்டிருந்தது. கடல் தாண்டிய இன்னொரு பெரிய நாட்டுத் தலைவர் அதைக் கண்டித்துப் பேசினார். பெஞ்சில் இருந்த ரிட்டையர்டு வாத்தியார், “இவன் எத்தினி ஊர்ல குண்டு போட்டவன். இவனுக்கு இன்னா யோக்கியத இருக்குது?” என்றார். பட்டுக்கடை சேல்ஸ்மேன் ஒருவர், “அப்ப நமக்கு மட்டும் இருக்குதா சார்? நாமளும்தான் அந்தத் தீவுக்குப் படை அனுப்பினோம்” என்றார். “அது வேற.” “இன்னா வேற? அதையாவது வுடுங்க. கடாரம் வரைக்கும் கப்பல்ல போய் அடிச்சத பாட புத்தகத்துல வச்சி எங்கள மனப்பாடம் பண்ண வச்சது நீங்கதான சார்?” கடையில் எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்துவிட்டார். ஒவ்வொரு நாடாக எடுத்து, இதற்குப் பேச உரிமை இல்லை, அதற்கும் இல்லை என்று தள்ளிக்கொண்டே போனார்கள். சொன்னதெல்லாம் உண்மைதான்.

அண்ணன் கையில் மனுவோடு நின்றுகொண்டிருந்தார். “சரிபா. யாருக்கும் யோக்கியத இல்ல. எம்புள்ளய யாரு கேட்டு வாங்கிட்டு வருவா, அத மட்டும் சொல்லுங்க” என்றார். சிரிப்பு நின்றது. சேல்ஸ்மேன் எழுந்து அவருக்கு இடம் விட்டார்.

அடுத்த வாரம் ஒரு வேன் நிறைய உள்ளூர்க்காரர்கள், வெளியூர் உறவினர்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்கள். அண்ணன் வழக்கம்போலக் கண்ணாடியைச் சாய்த்தார். ஆனால் வெளிச்சம் ராஜாவின் குடைக்குப் போகவில்லை. கீழ் வரிசையில், குதிரைக் காலடியில் விழுந்து கிடக்கும் ஆட்களிடம் போய் நின்றது. “இது நம்ம ராஜா பண்ண படையெடுப்பு. இவங்க யாரு, எந்த ஊருன்னு எங்கயும் எழுதி வைக்கல. இவங்க வூட்டுலயும் தட்டுல சோறு இருந்திருக்கும்” என்றார். அவர்களில் ஒருவர், அண்ணன் தெருவை அறிந்தவர், “நம்ம ராஜாவையே கேவலப்படுத்தறியா? உன் புள்ள எவன் ஊருக்குள்ளயோ துப்பாக்கி தூக்கிக்கினு நிக்கிறான். நீ வந்து படையெடுப்பு தப்புன்னு பாடம் எடுக்கிற. நீ மட்டும் யோக்கியமா?” என்றார். அண்ணன் கண்ணாடியை மடக்கிச் சட்டைப் பையில் போட முயன்றார். அது மடங்குகிற கண்ணாடி இல்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை.

பத்து நாள் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன். உள்ளே அண்ணியின் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் சூளைக் கதையைச் சொன்னேன். ஏஜெண்டு பேசிய முதல் வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சொன்னேன். பாதியில் தறிச் சத்தம் நின்றுவிட்டது. அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏன்பா அப்பவே சொல்லல?” என்றார்.

“நீயே அப்படித்தானன்னு கேப்பீங்கன்னு…”

“கேட்டிருப்பேன். கேட்டுட்டு, ராத்திரி படுத்து யோசிச்சிருப்பேன். திருடனே வந்து திருடன் வரான்னு கத்தினாலும் முழிச்சிக்கலாம்பா. தூங்கறவனுக்குக் கத்தறவன் ஜாதகமா வேணும்?” பிறகு என்னைப் பார்க்காமல், “இந்த ஊர்லயே விஷயம் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். வாசல்லயே உக்காந்துக்கினு இருந்த” என்றார். நான் எழுந்து வரும்வரை தறி மறுபடி ஓடவில்லை.

நான் படித்தவன் இல்லை. நாடுகளைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டைவிட்டு வந்ததிலிருந்து டிவியில் ஒரு நாடு இன்னொரு நாட்டைக் கண்டிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் நினைக்கிறேன். கொளுத்தியவனுக்குத்தான் ஊர் எப்படி எரியும் என்று தெரியும். அவன் கத்தவேண்டும். ஆனால் தான் கொளுத்தியதைச் சொல்லாமல் கத்துகிறான், அதனால் யாரும் நம்புவதில்லை. மற்றவன் அதைச் சாக்காக வைத்துக்கொண்டு கொளுத்திக்கொண்டே இருக்கிறான். என்னைப்போன்றவன் வாயை மூடிக்கொண்டு, அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறான். இந்த மூன்றிலும், எரிகிற ஊருக்குள் அகப்பட்டவன் வெளியே வர வழி இல்லை.

பையன் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல இன்றுவரை ஒரு காகிதம் வரவில்லை. கருமாதி செய்வதா, வேண்டுதல் வைப்பதா என்று தெரியாமல் அந்த வீடு நடந்துகொண்டிருக்கிறது. அண்ணன் இப்போது ஒரு பட்டுக்கடையில் காவலுக்கு நிற்கிறார். வழியில் பார்த்தால் தலையாட்டுவார். ‘செருப்பு’ என்று கூப்பிடுவதில்லை.

போன வாரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். இரண்டு இளவட்டங்கள், கையில் பாஸ்போர்ட்டும் போட்டோவும். ஒருவன் மற்றவனிடம், “பின்னாடிதான் வேலையாம்டா, சண்டை இல்லியாம். நாளான்னிக்கே கிளம்பணுமாம்” என்றான். நான் கிட்டே போனேன். போகாதீர்கள், அது பொய் என்றேன். அவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், எங்கள் பக்கத்து ஊர்க்காரர், என் முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். “யாரு, நீயா? சூளைக்கு ஆள் ஓட்டினவன்தானபா இவன். இவன் யோக்கியம் பேச வந்துட்டான் பாரு” என்றார்.

“ஆமாபா, ஓட்டினேன். நான் யோக்கியன் இல்ல. அதான் சொல்றேன், போவாதீங்க” என்றேன்.

அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிட்டார். நான் சொன்னதில் எந்தப் பாதி அவர்கள் காதில் விழுந்ததென்று தெரியவில்லை. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினார்கள்.