ஆளுக்கு ஒரு அடி

மூன்றாம் வகுப்புக்கு நீளம் அளக்கச் சொல்லித்தருவது எனக்குப் பிடித்த பாடம். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கு முழம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை, தினமும் பூ வாங்குகிற இடத்தில் பார்த்துவிடுவார்கள். என் கைக்கு வரும் முழமும் அவர்கள் கைக்கு வரும் முழமும் ஒன்றில்லை என்று காட்டுவேன். எது சரி என்று அவர்கள் சண்டைக்கு நிற்கும்போது ஸ்கேலை எடுப்பேன்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம். தென்னூரில் வாங்கிய புது மரஸ்கேலால் மேஜையைத் தட்டி, "சாப்பிட்டு வந்ததும் அடிதான். ஆளுக்கு ஒரு அடி, யாரையும் விட மாட்டேன்" என்றேன். ஓர் அடி நீளத்துக்கு அட்டை வெட்டி வைத்திருந்தேன், ஆளுக்கொன்று கொடுக்க. பிள்ளைகள் சிரித்தார்கள். அடி என்பது அளவு என்று முந்தின வாரமே சொல்லியிருந்தேன். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

சாப்பாடு முடிந்து, ஸ்கேலை எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் வந்தால் ஒரு இடம் காலி. அரியமங்கலத்திலிருந்து வந்து, அதற்கு முந்தின நாள்தான் சேர்ந்த பெண். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளை. பாத்ரூமில் இல்லை, தண்ணீர்க் குழாயடியில் இல்லை.

"கேட்டைத் தாண்டிப் போனா மிஸ்" என்றாள் பக்கத்தில் உட்காருகிறவள்.

"எந்தப் பக்கம்?"

"ஆத்துப் பக்கம்."

ஆடி மாதம், காவிரி இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வகுப்பு டீச்சரிடம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினேன். அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு ஆட்டோக்காரர் என்னைத் திட்டியது காதில் விழுந்தது, நிற்கவில்லை. படித்துறை வாசலில் பூக்கார அம்மாவிடம் கேட்டேன்.

"யூனிஃபார்ம் போட்ட பொண்ணுதானே? கொஞ்சம் முன்னாடிதாங்க உள்ள போச்சு. கூட ஆள் வருதுன்னுல்ல நெனச்சேன்."

பெருமாளே, அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

தண்ணீருக்குள் முங்கியிருந்த படியில் நின்றிருந்தாள். முழங்கால் வரை தண்ணீர். குனிந்து இரண்டு கையையும் தண்ணீருக்குள் வைத்திருந்தாள்.

"பாப்பா" என்று கூப்பிட்டேன்.

திரும்பிப் பார்த்தவள், இன்னும் ஒரு படி உள்ளே இறங்கினாள். நான் ஒரு படி இறங்கினேன். அவளும் ஒரு படி இறங்கினாள். தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. அவள் என் முகத்தையே பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் நானும் பார்த்தேன். ஸ்கேலைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்திருக்கிறேன், மடச்சி.

வீசி ஆற்றில் எறிந்தேன். அது மிதந்து போய்க் கண்ணுக்கு மறையும்வரை அவள் பார்த்தாள்.

"மேல வாம்மா. மிஸ் ஒண்ணும் பண்ண மாட்டேன். தண்ணிக்குள்ள எதுக்கும்மா எறங்குன?"

"கைய நனைச்சு வச்சா மரத்துப் போயிடும் மிஸ். அப்பறம் வலிக்காது."

மெதுவாக ஏறி வந்தாள். எனக்குக் கை எட்டும் தூரத்தில் நின்று, தோல் சுருங்கிப்போன உள்ளங்கைகள் இரண்டையும் நீட்டினாள்.

"ஒரு அடிதானே மிஸ். இப்பவே குடுத்துடுங்க."